வியர்க்காத வீடு

எங்கள் ஊரில் துணி துவைப்பது பெரிய காரியமில்லை. காயவைப்பதுதான் காரியம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை. மழை இல்லாத நாளில், இதோ வரப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே நிற்கிற காற்று. தீப்பெட்டி நமத்துப்போகும். உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். நல்ல நாளுக்கென்று மடித்துவைத்த சட்டையை எடுத்தால் காலரில் பூஞ்சணம் பூத்திருக்கும். இந்த ஊரில் லாட்ஜ்காரர்களின் படுக்கை விரிப்புகளை வாங்கி வெளுத்துக் கொடுக்கிற தொழிலை ஒருத்தி துணிந்து நடத்துகிறாள் என்றால், அவளுக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு இருந்தது. எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்களிலிருந்து அழுக்கு மூட்டைகளை ஏற்றி அவள் வீட்டில் இறக்குவேன். அங்கிருந்து மடித்த கட்டுகளை ஏற்றி லாட்ஜில் இறக்குவேன். தெருவில் எல்லாரும் அவளை நீலக்கை என்பார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு நகக்கண் வரைக்கும் நீலம் ஏறிப்போன கை. எனக்கு அக்கா, அவ்வளவுதான்.

வீடு ஒரு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்க அறையில் அவள் புருஷன் இஸ்திரி போடுவார். அவரை மாஸ்டர் என்போம். அதற்குப் பின்னால் காயவைக்கிற அறை. கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கயிறு, நாலு மூலையிலும் மின்விசிறி. அதற்கும் பின்னால் பாய்லரும் தொட்டிகளும். கடைசியில் கொல்லைத் தோட்டம். தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாசி பிடித்த சுவர், வழுக்குகிற தரை, எங்கு பார்த்தாலும் நத்தை.

மாஸ்டருக்கு வேர்க்கிற வேர்வை ஊர் அறிந்தது. "இவர் பனியனைப் பிழிஞ்சா இன்னொரு மூட்டை அலசிடலாம்" என்று அக்கா கேலி செய்வாள். அவர் இருமிக்கொண்டே சிரிப்பார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைப்பற்றி அந்த வீட்டில் பேச்சே வராது. பேச்சு வந்துவிடக்கூடாது என்றுதான் இரண்டு பேரும் இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளைச்செடியின் விதையைக் கொண்டுவந்தது அக்காவின் தங்கை புருஷன். சரக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை ஊருக்கு வந்தபோது காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். மிளகைவிடச் சின்னதாய்ப் பழுப்பு விதைகள்.

"கப்பல் நின்ன ஊர்ல மண்ணே சுட்டு வச்ச மாதிரி கெடக்கும் அண்ணி. அதுல இது வெள்ளை வெளேர்னு நிக்குது. சேஜ்னு சொல்றாங்க, வெள்ளை சேஜ். இலையைக் காயவச்சுத் துணிப்பெட்டியில போட்டா ஈர வாடையே அண்டாதாம்."

அக்காவின் கண் விரிந்தது. ஷீட்டில் ஈர நாற்றம் அடிக்கிறது என்று லாட்ஜ் மேனேஜர்கள் என்னிடம் சொல்லி அனுப்புவதும், அதை நான் பாதி விழுங்கிப் பாதி சொல்வதும் அப்போது தினப்படி நடந்துகொண்டிருந்தது.

முதலில் கொல்லை மண்ணில்தான் விதைத்தாள். முளைத்தது, இரண்டு இலை விட்டது, பிறகு தலையைத் தொங்கப்போட்டது. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் ஊற்றினாள். இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினாள். கழுத்தில் கறுப்பு விழுந்து எல்லாம் ஒரே வாக்கில் சாய்ந்தன.

"விட்டுத் தொலையேன்" என்றார் மாஸ்டர். "கட்டாந்தரைப் புள்ளயைக் கொண்டாந்து கெணத்துல எறக்கினா அது என்ன பண்ணும்?"

"துணியைக் காயவைக்கத் தெரிஞ்சவளுக்கு மண்ணைக் காயவைக்கத் தெரியாதா?" என்றாள் அக்கா.

செத்துப்போன ஒரு கன்றைப் பிடுங்கி வேரை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சேற்று வாடை. "பாத்தியா தம்பி? இது தாகத்துல வாடல. மூச்சு முட்டி வாடியிருக்கு. நான்தான் மண்டு மாதிரி மேல மேல ஊத்திக் கொன்னிருக்கேன்."

அதற்கப்புறம் அவள் செய்ததை ஒரு என்ஜினீயர் வேலை என்றே சொல்லவேண்டும். பாய்லர் அறையின் பின்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அதை ஒட்டிச் செங்கல் அடுக்கி இடுப்புயரத்துக்குப் பாத்தி கட்டினாள். உடைத்த செங்கல், பருமணல், பொடிக்கல், பாய்லர் அடியில் விழுகிற கரித்துண்டு எல்லாம் கொட்டி, சாஸ்திரத்துக்குக் கொஞ்சம் மண் சேர்த்தாள். மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பந்தல், பக்கங்கள் திறந்தபடி. காயவைக்கிற அறையில் கழற்றிப் போட்டிருந்த பழைய விசிறி ஒன்றை மாட்டி நாள் முழுக்க ஓடவிட்டாள். தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஆழ விட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் ஈரம் தட்டினாலும் ஊற்ற மாட்டாள். ஊற்றும்போதும் இலையில் ஒரு சொட்டு படாமல், டம்ளரை வேரடியில் வைத்துச் சாய்ப்பாள். காற்று நுழையட்டும் என்று அடி இலைகளைக் கிள்ளிவிடுவாள். செடிக்கு இவ்வளவு பார்ப்பவள் புருஷன் சாப்பிட்டாரா என்று பார்க்க மாட்டாள்.

வளர்ந்தது. நாலைந்துதான் தங்கின, ஆனால் தங்கியவை முழங்கை உயரம் வந்து புதராக விரிந்தன. அப்படி ஒரு வெள்ளையை நான் செடியில் பார்த்ததில்லை. இலைமேல் சாம்பல் பூசினாற்போல் இருக்கும், தொட்டால் ரோமம் தட்டும். தைலமும் சுட்ட மண்ணும் கலந்த ஒரு வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு ராத்திரி வரை போகாது. பச்சையும் கறுப்புமாகக் கிடக்கிற அந்தக் கொல்லையில் அந்தப் பாத்தி மட்டும் வெளியூர் ஆள் மாதிரி நின்றது.

காய்ந்த இலையைக் கட்டுக்குக் கட்டு செருகி அனுப்பினாள். லாட்ஜில் புகார் நின்றது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

முதலில் விநோதமாகப் பட்டது நத்தைகள்தான். பாத்திமேல் ஏறியவை கல்லுக்கு நடுவில் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன், எடையே இல்லை. உள்ளே பார்த்தேன், எதுவும் இல்லை. பாத்திக்குப் பின்னாலிருந்த சுவரில் பாசி வெளுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. காயவைக்கிற அறையில் காலையில் போட்ட விரிப்பு உச்சிவெயில் நேரத்துக்குள் மொடமொடவென்று நின்றது. உச்சிவெயில் என்பது பேச்சுக்கு; வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இங்க வா, ஒரு அதிசயம் பாரு" என்று அக்கா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். உப்பு ஜாடியைக் கவிழ்த்தாள். உப்பு சரசரவென்று உள்ளங்கையில் கொட்டியது. "இந்த ஊர்ல உப்பு கொட்டிப் பாத்திருக்கியா நீ?"

"இல்லக்கா."

"எல்லாம் என் வெள்ளைச்செடி!" சின்னப்பெண் மாதிரி சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சரசரப்பு என்னவோ போலிருந்தது.

பிறகு இலையைக் கொதிக்கவைத்து மாஸ்டரின் இருமலுக்குக் கொடுத்தாள். இருமல் போயிற்று. ஒரு நாள் மூட்டையோடு உள்ளே நுழைந்தால் மாஸ்டர் வழக்கம்போல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ குறைகிறதே என்று பார்த்தேன். பனியன் காய்ந்திருந்தது. நெற்றியில், கழுத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"என்ன மாஸ்டர், வேர்க்கலையா இன்னிக்கு?"

"இன்னிக்கா? வேர்த்து எத்தனையோ நாளாச்சுடா. தொட்டுப் பாரு."

கழுத்தை நீட்டினார். தொட்டேன். அப்போதுதான் பெட்டி போட்டு எடுத்த துணி மாதிரி சூடாகவும் வறட்டென்றும் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். பிரசவமாகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. புருஷன் மறுபடி கப்பலேறிவிட்டார். துறைமுகத்துப் பக்கம் ஒற்றை அறையில் தனியாக என்ன செய்வாள் என்று அக்காதான் என் வண்டியை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னாள். பெண் குழந்தை. கொல்லையைப் பார்த்த அறையைக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் நேராக வெள்ளைச்செடிப் பாத்தி.

குழந்தையைக் கையில் வாங்கிய அன்று அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பயத்தோடு வாங்கினாள், நீலக் கறை குழந்தைமேல் பட்டுவிடும் என்பதுபோல.

தங்கைக்கு ஆரம்பத்தில் பால் தாராளம். ஜாக்கெட் எந்நேரமும் நனைந்திருக்கும். அதை அக்கா தனியாக, மெஷினில் போடாமல், கையால் அலசிப் போடுவாள்.

"இப்படி நெஞ்சு நனைஞ்சே கெடந்தா சளி கட்டிக்கும்டி. இந்தா, இதைக் குடி" என்று இலைத்தண்ணீரை நீட்டியதை நானே பார்த்தேன். அது தப்பு என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஈரத்தோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்த்த வீடு அது. நனைந்தது எதுவானாலும் அவர்களுக்கு அது ஒரு கோளாறு. காயவைத்தால் சரியாகிவிடும்.

கொஞ்ச நாளில் குழந்தையின் அழுகை தெருவரை கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலை நான் மூட்டை இறக்கும்போது தங்கை வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, எனக்குப் பால் நின்னுக்கிட்டே வருது."

"சத்தா ஏதாவது சாப்பிடும்மா. பால் குடி, முட்டை சாப்பிடு."

"எல்லாம்தான் சாப்பிடறேன். சொட்டு இல்ல. பாட்டிலை வச்சா துப்பறா. பசியில கத்திக் கத்திக் கடைசியில அக்கா வந்து தூக்கிட்டுப் போறா. காயற ரூம் கதகதப்பா இருக்குன்னு அங்க கொண்டு போறா. அங்க போனதும் இவ வாயை மூடிக்கறா." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதாண்ணே. அவர் எப்ப வருவாரோ. இவளும் என்கிட்ட வரலைன்னா நான் என்ன பண்றது?"

 ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

மறுநாள் முன்சீட்டில் குழந்தையோடு உட்கார்த்திக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா குழந்தையைத் தராசில் கிடத்தினாள். முள்ளைப் பார்த்தாள். தூக்கிவிட்டு மறுபடி கிடத்தினாள்.

"பால் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

"சொட்டுக்கூட இல்லைங்க."

"பாட்டில்?"

"வாயிலயே வைக்க மாட்டேங்கறா."

"எடை நல்லா ஏறியிருக்கேம்மா." நர்ஸம்மா குழந்தையின் தொடை மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தாள். "பட்டினி கெடக்கற புள்ள இப்படி இருக்காது. வேற யாராவது பால் குடுக்கறாங்களா?"

"வேற யாரு இருக்கா? அக்கா மட்டும்தான். அக்காவுக்குக் குழந்தையே கெடையாதுங்க."

நர்ஸம்மா குனிந்து குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். "இது என்ன வாசனை?"

வெள்ளைச்செடி பற்றி நான் சொன்னேன். இலைத்தண்ணீர் பற்றியும் சொன்னேன். நர்ஸம்மாவின் நெற்றி சுருங்கியது. "சேஜ் இனத்து இலையைக் குடிச்சா பால் வத்தும்னு சொல்வாங்க. முதல்ல அதை நிறுத்து."

"நான் நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்க" என்றாள் தங்கை மெதுவாக. "ஆரம்பத்துல ரெண்டு மூணு வாய் குடிச்சேன். கசப்பு தாங்கல. அக்கா மனசு கோணக்கூடாதுன்னு வாங்கி வாங்கி வாஷ்பேசின்ல ஊத்திடுவேன்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தாள், நான் ஏதோ பதில் வைத்திருப்பவன் மாதிரி. "எதுக்கும் அடிக்கடி நெஞ்சுல போட்டுக்கிட்டே இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது.  பாதி வழியில் தங்கை கேட்டாள்: "அண்ணே, நீங்க காலையில வரும்போதெல்லாம் அக்கா எங்க இருப்பா?"

"காயற ரூம்லதான்."

"எப்பவுமா?"

யோசித்தேன். முன்பெல்லாம் தொட்டிப் பக்கம், வாசல், தோட்டம் என்று அக்கா ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். சமீபமாக நான் போகும்போதெல்லாம் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்தான் வரும். மூட்டையை அங்கயே வச்சிட்டுப் போ தம்பி, என்று. "எப்பவும்தான்" என்றேன்.

வண்டி நின்றதும் அக்கா ஓடி வந்தாள். குடையை மடிப்பதற்குள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "ஊசி போட்டாங்களாடி என் செல்லத்துக்கு? எவ அவ?" என்று கொஞ்சிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே வந்தேன். தங்கை மேசைக்கருகில் நின்றிருந்தாள். மேசைமேல் பாட்டில் நிரம்ப இருந்தது. சட்டென்று அழுகை நின்றது.

தங்கை என் கையைப் பிடித்தாள். "கூட வாங்கண்ணே."

காயவைக்கிற அறைக்குள் நுழைந்தோம். விரிப்புகள் கூரையிலிருந்து தரை வரை வரிசையாகத் தொங்கின. ஒன்றைத் தள்ளினால் அடுத்தது முகத்தில் வந்து படும். சூடாக, சொரசொரப்பாக. காலடியில் தூசி. அந்த ஊரில் நான் வேறெந்த வீட்டிலும் தூசியை மிதித்ததில்லை. விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவில் இன்னொரு சத்தம் மெல்லக் கேட்டது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். தங்கையின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. கடைசி விரிப்புக்குப் பின்னால் பாய்லர் அறை விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கிற ஒரு நிழல் துணியில் விழுந்திருந்தது.

தங்கை விரிப்பை விலக்கினாள்.

கவிழ்த்துப்போட்ட தொட்டிமேல் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை, சேலையை இழுத்துவிடவும் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் சட்டென்று திரும்பி விரிப்பைப் பார்த்து நின்றுகொண்டேன்.  அக்கா தங்கை பேச்சை முதுகால்தான் கேட்டேன்.

"அக்கா, என்னக்கா இது?"

"கத்தாதடி. இப்பதான் வாயை வச்சா."

"உனக்கு... உனக்கு எப்படிக்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல சும்மாதான் வச்சேன். நீ அசந்து தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல. சப்பிக்கிட்டுக் கெடக்கட்டும்னு வச்சேன். சத்தியமா வேற நெனப்பு இல்லடி. அப்படியே தூங்கிப்போச்சு. மறுநாளும் வச்சேன். அப்புறம் தெனமும். ஒரு நாள் ஜாக்கெட்டு நனைஞ்சிருந்துச்சு. வேர்வைன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் உறைச்சது. இந்த வீட்லதான் யாருக்கும் வேர்க்கறதே இல்லையே!"

"எப்பலேருந்து?"

"உனக்குக் கொறைய ஆரம்பிச்சப்பலேருந்து."

"எனக்குக் கொறைஞ்சதால உனக்கு வந்துச்சா? இல்ல உனக்கு வந்ததால எனக்குக் கொறைஞ்சுதா?"

"தெரியலடி. நானும் கேட்டுப் பாத்துட்டேன் என்னையே. தெரியல."

"இலைத்தண்ணியைக் குடி குடின்னு குடுத்தியே!"

"உன் நெஞ்சு நனையுதேன்னு குடுத்தேன். நம்ம வீட்ல எது நனைஞ்சாலும் காயத்தானே வைப்போம்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"நீ குடிச்சியா?"

"நானா?" அக்கா சிரித்த மாதிரி இருந்தது. "எனக்கு எதுக்குடி? நான்தான் எப்பவும் காஞ்சே கெடந்தவளாச்சே."

தங்கையின் காலடி அவளை நோக்கி நகர்ந்தது.

"புள்ளயக் குடு."

"முடிச்சுடட்டும்டி. இன்னும் கொஞ்சம்தான்."

"குடுக்கா!"

குழந்தை வீறிட்டது. நான் திரும்பினேன். தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. இவள் திருப்ப, அது மறுபடி திருப்பியது, முதுகை வில்லாக வளைத்து அக்கா இருந்த திசைக்கே. அக்கா எழுந்து நின்றிருந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டுவிட்டாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒவ்வொரு தடவை வீறிடும்போதும் அவள் சேலையின் முன்பக்கத்தில் ஈரம் பரவியது. சுற்றிலும் எலும்பு மாதிரிக் காய்ந்த துணிகள். அந்த அறையில் நனைந்திருந்தது அது ஒன்றுதான். தங்கையும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறேங்க்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "இங்க இருந்தா இவ எனக்கு இல்லாமப் போயிடுவா."

அக்கா மறுக்கவில்லை. தானே குழந்தைத் துணிகளை மடித்து மூட்டை கட்டினாள். முடிச்சுப் போடும்முன் மூட்டையைத் தங்கையிடம் நீட்டினாள். "இலை வைக்கல. வேணும்னா மோந்து பாத்துக்க." தங்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். அந்த ஒரு செய்கையில் அக்காவின் முகம் செத்தது.

மாஸ்டர் வாசலில் நின்றார். "கண்ணு எரியுதுடா தம்பி. அழணும்போல இருக்கு, தண்ணி வர மாட்டேங்குது" என்றார்.

துறைமுகத்து அறையில் அவர்களை இறக்கிவிட்டேன். படியேறும்வரை குழந்தை அழுதுகொண்டேதான் இருந்தது.

அடுத்த நாள் நான் போனபோது அக்கா பாத்தியருகே நின்று இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வாடிய அடி இலையை அல்ல, கொழுந்தை, நடு இலையை, கை நிறைய. அடுப்பில் பாத்திரம் கொதித்தது. வடிகட்டி, ஆறவிடாமல், நின்றவாக்கில் குடித்தாள். கசப்பில் உடம்பு குலுங்கிற்று.

"என்னக்கா பண்றீங்க?"

"வத்தணுமில்ல."

"அதுக்கு ஏங்க்கா இவ்வளவு? தானா நின்னுடும்."

"தானா நிக்கற வரைக்கும் அங்க அது பட்டினி கெடக்கணுமா? இங்க வத்தினாத்தான் தம்பி அங்க ஊறும்."

"அப்படியெல்லாம் இல்லக்கா. நர்ஸம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"நர்ஸம்மா இந்த வீட்ல இருந்ததில்ல."

 தினமும் இரண்டு இடத்துக்கும் போனேன். துறைமுகத்து அறையில் தங்கை குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது முகம் திருப்பும். பாட்டிலில் கொஞ்சம் இறங்கும், பாதியைக் கக்கிவிடும். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்பாள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். இங்கே வந்தால் அக்கா அடுப்படியில். குழந்தை எப்படியிருக்கிறது என்று கேட்கவே மாட்டாள். ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். கயிற்றில் அவள் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின, ஒரு நாளைக்கு அத்தனை மாற்றியிருந்தாள். மாஸ்டர் எதுவும் கேட்காமல் அவற்றுக்கும் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

செடிகள் குச்சியாகிக்கொண்டு வந்தன. இலை இல்லாத கிளைகளை அப்போதுதான் பார்த்தேன். அதுவும் வெள்ளை. பாத்தி விசிறியை அணைத்துவிட்டிருந்தாள். பந்தல் ஒரு பக்கம் கிழிந்து மழை நேராக உள்ளே விழுந்தது. கட்டித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். எத்தனை பாடுபட்டு வளர்த்த செடி.  அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள், வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தங்கையிடமிருந்து போன் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அண்ணே, குடிச்சுட்டா! விடிஞ்சதும் நெஞ்சு கடுத்துச்சு, எடுத்து வச்சேன், மூச்சு விடாமக் குடிச்சா. இன்னமும் குடிச்சிட்டிருக்கா."

மூட்டை ஏற்றக்கூட நிற்கவில்லை. நேராக அக்கா வீட்டுக்கு விட்டேன். மாஸ்டர் தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விரிப்பில் விழுந்தது. அதைத் தானே வியப்போடு பார்த்தார். நான் உள்ளே ஓடினேன்.

அக்கா காயவைக்கிற அறையில் விரிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "குடிச்சுட்டாளா?" என்றாள்.

"உங்களுக்கும் போன் பண்ணிட்டாளாக்கா?"

"இல்ல." ஒரு விரிப்பின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். "எந்நேரம்?"

"விடிஞ்சதும்."

"ம்" என்றாள். "இழுத்துப் புடி. சுருக்கம் விழுது."

பிடித்தேன். உதறி, நடுவில் மடித்து, இருவரும் எதிரெதிராக நடந்து கிட்டே வந்தோம். என் கையிலிருந்த முனைகளை அவள் வாங்கும்போது பார்த்தேன். சேலையின் முன்பக்கம் காய்ந்திருந்தது. ஒரு முழங்கையை மட்டும் நெஞ்சோடு ஒடுக்கி வைத்திருந்தாள், அங்கே ஏதோ இடித்துக்கொண்டவள் மாதிரி. மடித்த விரிப்பைக் கீழே வைக்காமல் அப்படியே அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி" என்றாள். கண் நிரம்பி வழிந்தது, துடைக்கவில்லை. "வத்தினா இப்படி வலிக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையேடா."

நான் கயிற்றிலிருந்து அடுத்த விரிப்பை இறக்கி, அதன் முனைகளை அவளிடம் நீட்டினேன்.